சுழலுமா, சுழலாதா?

(பெரம்பலூர், அரியலூர் மாவட்ட அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் இரண்டு மாவட்டப் பிள்ளைகளுக்கும் வேறு ஊர்ப் பிள்ளைகளுக்குக் கிடைக்காத ஒரு வசதி உண்டு. "இங்கே ஒரு காலத்தில் கடல் இருந்தது" என்று வகுப்பில் நாம் சொன்னால், "எப்படித் தெரியும்?" என்று அவர்கள் திருப்பிக் கேட்கலாம். நாமும் பதிலுக்கு, காரை கிராமத்துப் பள்ளங்களில் கிடக்கும் சிப்பியையும் அம்மோனைட் சுருளையும் எடுத்து அவர்கள் கையில் வைத்துவிடலாம். சாத்தனூருக்கு அழைத்துப் போய் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் மரத்தைக் காட்டலாம். சான்று காலடியில் கிடக்கிறது.

ஆனால் மூலக்கூறுகளைப் பற்றிப் பாடம் எடுக்கும்போது அப்படி எதையும் கையில் எடுத்துக் கொடுக்க முடிவதில்லை. "ஒற்றைப் பிணைப்பு சுழலும், இரட்டைப் பிணைப்பு சுழலாது" என்று கரும்பலகையில் எழுதுகிறோம். பிள்ளைகள் அதை அப்படியே குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார்கள். எப்படித் தெரியும் என்று யாரும் கேட்பதில்லை. என் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். அன்று நான் சொன்ன பதில் தவறானது. அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

பன்னிரண்டாம் வகுப்பில் நைட்ரஜன் சேர்மங்கள் பாடம் நடந்துகொண்டிருந்தது. அமீனைவிட அமைடு ஏன் வலிமை குறைந்த காரம் என்பதை விளக்கிக்கொண்டிருந்தேன். நைட்ரஜன் மீதுள்ள தனித்த இரட்டை எலக்ட்ரான்கள் பக்கத்திலிருக்கும் கார்போனைல் தொகுதியை நோக்கி நகர்கின்றன, அதனால் புரோட்டானை ஏற்கும் தன்மை குறைகிறது என்று சொல்லி, உடனிசைவு அமைப்புகள் இரண்டையும் வரைந்தேன். இரண்டாவது அமைப்பில் கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் இடையில் இரட்டைப் பிணைப்பு வந்தது. மூன்றாம் பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"சார், போன வருசம் ஒற்றைப் பிணைப்பு சுத்தும், இரட்டைப் பிணைப்பு சுத்தாதுன்னு சொன்னீங்க. இங்க ஒரு படத்துல ஒற்றை இருக்கு, இன்னொரு படத்துல இரட்டை இருக்கு. அப்ப இது சுத்துமா, சுத்தாதா?"

"அது ஒற்றைப் பிணைப்புதாம்மா, சுத்தும். உட்காரு. இதெல்லாம் பரீட்சைக்கு வராது" என்றேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். அந்த ஆண்டு முழுவதும் அவள் வேறு எந்தக் கேள்வியும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

உண்மையில் அவள் கேட்டது, 1950-களில் உலகின் பெரிய ஆய்வகங்களில் வேதியியலாளர்கள் கேட்ட அதே கேள்வி. அதற்கு விடை கண்ட வழியைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். தொடக்கப் பள்ளி ஆசிரியர்களும் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது, சற்றுப் பொறுங்கள்.

அணுக்கரு காந்த ஒத்ததிர்வு, அதாவது என்.எம்.ஆர். என்பது பெயரளவில்தான் கடினம். மருத்துவமனையில் எடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. ஹைட்ரஜனின் அணுக்கரு ஒரு சின்னஞ்சிறு காந்தம் போல நடந்துகொள்ளும். அதை ஒரு வலிமையான காந்தத்துக்குள் வைத்து ரேடியோ அலையைச் செலுத்தினால், ஒரு குறிப்பிட்ட அலைவெண்ணில் அது ஆற்றலை உறிஞ்சும். அந்த அலைவெண் எல்லா ஹைட்ரஜனுக்கும் சரியாக ஒன்றாக இருப்பதில்லை. சுற்றியுள்ள எலக்ட்ரான்களைப் பொறுத்து மிகச் சிறிதளவு மாறும். அதாவது, மூலக்கூறில் தான் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை ஒவ்வொரு ஹைட்ரஜனும் நமக்குச் சொல்லிவிடுகிறது.

இதைத் தெளிவாகக் காட்டிய முதல் நிறமாலைகளில் ஒன்று 1951-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பதிவானது. எடுத்துக்கொண்ட பொருள் நமக்குத் தெரிந்த எத்தனால். மெத்தில், மெத்திலீன், ஹைட்ராக்சில் ஆகியவற்றின் ஹைட்ரஜன்கள் மூன்று தனித்தனிக் குறிகளாக, 3 : 2 : 1 என்ற விகிதத்தில் வந்தன. அந்தக் கட்டுரையை எழுதிய மூவர் அர்னால்டு, தர்மாட்டி, பேக்கார்டு. நடுவில் உள்ள தர்மாட்டி நம் நாட்டவர். பிறகு மும்பைக்குத் திரும்பி, டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் இத்துறை ஆய்வைத் தொடங்கி வைத்தவர்.

இப்போது மாணவியின் கேள்விக்கு வருவோம். அமைடுகளில் எளிய ஒன்று டைமெத்தில் பார்மமைடு. நடுவில் நைட்ரஜன். அதன் ஒரு பக்கம் பார்மைல் தொகுதி, மறுபக்கம் இரண்டு மெத்தில் தொகுதிகள். கார்பன்–நைட்ரஜன் பிணைப்பு தாராளமாகச் சுழன்றால் இரண்டு மெத்திலுக்கும் ஒரே சூழல்தான், ஒரே குறிதான் வர வேண்டும். சுழலாவிட்டால் ஒரு மெத்தில் எப்போதும் ஆக்சிஜன் இருக்கும் பக்கத்திலும், மற்றொன்று எப்போதும் ஹைட்ரஜன் இருக்கும் பக்கத்திலும் நிற்கும். அப்போது இரண்டு குறிகள் வர வேண்டும்.

1955-இல் டூபாண்ட் நிறுவனத்தின் ஆய்வாளர் பிலிப்ஸ் இதைப் பார்த்து எழுதினார். அறை வெப்பநிலையில் இரண்டு குறிகள் இருந்தன. அடுத்த ஆண்டு, 1956-இல், இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குடோவ்ஸ்கியும் ஹோமும் ஒரு படி மேலே போனார்கள். திரவத்தைச் சூடேற்றிக்கொண்டே நிறமாலையை எடுத்தார்கள். சூடு ஏற ஏற இரண்டு குறிகளும் அகன்று, ஒன்றை ஒன்று நெருங்கி, ஒரு வெப்பநிலையில் ஒரே மேடாக இணைந்தன. அதற்கும் மேலே சூடேற்றினால் ஒரே கூர்மையான குறி. குளிரவிட்டால் மீண்டும் இரண்டு.

இப்போது தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் கவனியுங்கள். நீங்கள் எல்லோரும் செய்யும் நியூட்டன் வண்ணத்தட்டுதான் இது. ஓர் அட்டையில் பாதி சிவப்பு, பாதி நீலம் பூசி நூலில் கோத்துச் சுழற்றுங்கள். மெதுவாகச் சுழன்றால் கண்ணுக்குச் சிவப்பும் நீலமும் தனித்தனியே தெரியும். வேகம் கூடினால் நடுவில் ஒரு கலங்கல். இன்னும் கூடினால் இரண்டும் கலந்த ஒரே நிறம். அட்டையில் எப்போதும் இரண்டு நிறங்கள்தான் இருக்கின்றன. ஒன்றாகத் தெரிவது நம் கண்ணின் வேகம் போதாததால். என்.எம்.ஆர். கருவிக்கும் அப்படி ஒரு "கண்ணின் வேகம்" உண்டு. மூலக்கூறு அதைவிட மெதுவாகச் சுழன்றால் இரண்டு குறிகள், வேகமாகச் சுழன்றால் இரண்டுக்கும் நடுவே சராசரியாக ஒரு குறி. வெப்பநிலையைக் கூட்டிக் குறைத்து இந்த மாற்றத்தைப் பின்தொடர்வதைத்தான் இயக்க என்.எம்.ஆர். என்கிறார்கள்.

இதன் அழகு, சுழற்சி வேகத்தை எண்ணிச் சொல்ல முடிவதில் இருக்கிறது. ஒரே அளவுள்ள இரண்டு குறிகள் இணையும் தறுவாயில், விநாடிக்கு நடக்கும் இடமாற்றங்களின் எண்ணிக்கை, அவற்றின் அலைவெண் வேறுபாட்டைப் போல 2.22 மடங்கு. 60 மெகாஹெர்ட்ஸ் கருவியில் அந்த இரண்டு மெத்தில் குறிகளுக்கும் இடையே 10 ஹெர்ட்ஸ் வேறுபாடு இருக்கிறது, அவை 120 டிகிரி செல்சியசில் இணைகின்றன என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். அந்த வெப்பநிலையில் விநாடிக்குச் சுமார் 22 முறை பிணைப்பு திரும்புகிறது. இந்த வேகத்தையும் வெப்பநிலையையும் வினைவேகச் சமன்பாட்டில் இட்டால், திரும்புவதற்குத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடை மோலுக்கு 87 கிலோஜூல் என்று வரும். டைமெத்தில் பார்மமைடுக்கு ஆய்வாளர்கள் அளந்த மதிப்பும் இதை ஒட்டியே இருக்கிறது.

அதே தடையை வைத்து 25 டிகிரியில் கணக்கிட்டுப் பாருங்கள். ஏறக்குறைய 5 நிமிடத்துக்கு ஒரு முறைதான் திரும்பும். 95 டிகிரி சூடு கூடியதும் வேகம் 6000 மடங்குக்கும் மேல். வெப்பநிலை கூடினால் வினைவேகம் கூடும் என்று நாம் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போவதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எங்கே கிடைக்கும்?

ஒன்றைக் கவனத்தில் வையுங்கள். குறிகள் இணையும் வெப்பநிலை கருவிக்குக் கருவி மாறும். பெரிய காந்தத்தில் குறிகளின் இடைவெளி ஹெர்ட்ஸ் கணக்கில் கூடுவதால், அவை இணைய இன்னும் அதிகச் சூடு வேண்டும். ஆனால் மூலக்கூறின் தடை கருவிக்காக மாறாது.

மற்ற இரண்டு மூலக்கூறுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். நாம் பதினொன்றாம் வகுப்பில் எதிரெதிர் வச அமைப்பு, மறைத்தல் வச அமைப்பு என்று கற்பிக்கும் ஈத்தேனில் தடை மோலுக்குச் சுமார் 12 கிலோஜூல். அறை வெப்பநிலையில் அந்தப் பிணைப்பு விநாடிக்குப் பல ஆயிரம் கோடி முறை சுழலும். எத்திலீனில் தடை 260 கிலோஜூலுக்கு மேல். அது சாதாரண வெப்பநிலையில் சுழலாது என்றே சொல்லலாம். அமைடு இரண்டுக்கும் நடுவில் 87-இல் நிற்கிறது. "சுத்துமா, சுத்தாதா?" என்ற கேள்விக்குச் சரியான விடை, "சுத்தும், ஆனா சிரமப்பட்டுச் சுத்தும். எவ்வளவு சிரமம்னு அளந்தே சொல்லலாம்" என்பதுதான். நான் வரைந்த இரண்டு உடனிசைவு அமைப்புகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து அவள் கேட்டாள். நான்தான் ஒன்றை மட்டும் பார்த்தேன்.

இதை அளப்பதால் என்ன பயன் என்று கேட்கலாம். நம் உடம்பிலுள்ள ஒவ்வொரு புரதத்திலும் அமினோ அமிலங்களை இணைக்கும் பெப்டைடு பிணைப்பும் இப்படி ஓர் அமைடு பிணைப்புதான். அது எளிதில் சுழலாது என்பதால் அதைச் சுற்றியுள்ள அணுக்கள் ஒரே தளத்தில் தட்டையாக நிற்கின்றன. சங்கிலியில் ஓர் அமினோ அமிலத்துக்கு மூன்று பிணைப்புகள். அவற்றில் ஒன்று இப்படிப் பூட்டப்பட்டிருப்பதால், திரும்பக்கூடியவை இரண்டுதான். இரண்டு கோணங்கள் என்றால் ஒரு வரைபடத்தாளின் இரண்டு அச்சுகளில் குறித்துவிடலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் 1963-இல் வெளியிட்டது இந்த வரைபடத்தைத்தான். எந்தக் கோணங்களில் அணுக்கள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்கும் என்று அதில் காட்டினார்கள். இன்றும் உலகில் எங்கே ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டறிந்தாலும், அது சரியாக இருக்கிறதா என்று பார்க்க ராமச்சந்திரன் வரைபடத்தில் இட்டுப் பார்க்கிறார்கள். அந்த ஒரு பிணைப்பு பூட்டப்படாமல் இருந்திருந்தால் இரண்டு அச்சுகள் போதியிருக்காது.

இன்னும் பக்கத்தில் வருகிறேன். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக வேதியியல் துறையின் பெயர் சொன்னால் நினைவுக்கு வருபவர்களில் பேராசிரியர் வி. பாலையா ஒருவர். பென்சால்டிஹைடு, ஒரு கீட்டோன், அம்மோனியம் அசிட்டேட் ஆகியவற்றை ஆல்கஹாலில் சேர்த்து, பிப்பெரிடினோன் என்னும் ஆறு அணு வளையச் சேர்மங்களைத் தயாரிக்கும் முறையை அவரும் நோலரும் 1948-இல் வெளியிட்டார்கள். எளிய பொருள்கள், எளிய முறை. அதனால் அந்த வளையங்களை வைத்து நம் பகுதிக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் தலைமுறை தலைமுறையாக ஆய்வுகள் நடந்திருக்கின்றன.

அவற்றில் ஒரு தொடர், திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆர். ஜெயராமன் குழுவினர் செய்தது. நம் இரண்டு மாவட்டக் கலை, அறிவியல் கல்லூரிகளும் அந்தப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவைதான். இங்கிருந்து பேருந்தில் போய்விட்டு மாலையே திரும்பிவிடலாம். வளையத்தின் நைட்ரஜன் மீது நைட்ரசோ அல்லது பார்மைல் தொகுதியை இணைத்தார்கள். அப்போது அந்த நைட்ரஜன் பிணைப்புக்கும், நான் மேலே சொன்ன அமைடு போலவே, பாதி இரட்டைப் பிணைப்புத் தன்மை வந்துவிடும். அதுவரை ஒன்று போல இருந்த வளையத்தின் இடப்பக்கமும் வலப்பக்கமும், ஆக்சிஜன் ஒரு பக்கமாகப் பார்த்து நின்றுவிடுவதால், வேறு வேறு ஆகிவிடும். வெப்பநிலையை மாற்றி மாற்றி நிறமாலை எடுத்து, அந்தப் பிணைப்பு திரும்புவதற்கான தடையையும், நெருக்கடி தாங்காமல் வளையமே எப்படித் தன் வடிவத்தை மாற்றிக்கொள்கிறது என்பதையும் ஆராய்ந்தார்கள். அமெரிக்காவின் மிசூரியில் இருந்த மர்ரேயோடு சேர்ந்து எழுதிய கட்டுரை ஒன்று 1991-இல் கரிம வேதியியலின் முன்னணி இதழில் வந்தது.

இதைப் படித்தபோது எனக்கு முதலில் மகிழ்ச்சி, பிறகு வெட்கம். என் வகுப்பு மாணவி கேட்ட கேள்விக்கு விடை தேடிய ஆய்வகம் பக்கத்து மாவட்டத்தில் இருந்திருக்கிறது. நான் அவளிடம், "பரீட்சைக்கு வராது" என்று சொல்லியிருக்கிறேன். நம் பிள்ளைகளில் பலர் வீட்டில் முதன்முதலாகப் பள்ளி வாசலை மிதித்தவர்கள். மக்காச்சோளக் காட்டிலிருந்தும் சிமெண்ட் ஆலை வேலையிலிருந்தும் வரும் பெற்றோருக்குப் பிறந்தவர்கள். ஆராய்ச்சி என்பது எங்கோ வெளிநாட்டில் வேறு யாரோ செய்வது என்று அவர்கள் நினைத்தால் அதில் வியப்பில்லை. அப்படி இல்லை என்று சொல்ல வேண்டிய இடத்தில் நாம்தான் நிற்கிறோம்.

அவள் பள்ளி முடித்துச் செவிலியர் படிப்பில் சேர்ந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டு, எண் வாங்கிப் பேசினேன். "அன்னைக்கு நீ அமைடு பத்திக் கேட்டதுல நான்தாம்மா தப்பாச் சொல்லிட்டேன். நீ நினைச்சதுதான் சரி" என்றேன். சிறிது நேரம் பதில் இல்லை. பிறகு, "எந்தக் கேள்வி சார்? எனக்கு ஞாபகம் இல்லையே" என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். எனக்குத்தான் கனத்துப்போனது. விடை கிடைக்காத கேள்வியைப் பிள்ளைகள் மனதில் சுமந்துகொண்டு திரிவதில்லை. இறக்கி வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நாம் திரும்பி வந்து பார்க்கும்போது அது அங்கே இருப்பதில்லை.

அதற்குப் பிறகு என் வகுப்பில் சில பழக்கங்களை மாற்றிக்கொண்டேன். உங்களுக்கும் பயன்படலாம்.

ஒன்று, வகுப்பில் "எப்படித் தெரியும்?" என்று தலைப்பிட்ட ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். எனக்கு விடை தெரியாத கேள்வியை, கேட்ட பிள்ளையின் பெயரோடும் தேதியோடும் அதில் எழுதுகிறேன். விடை கிடைக்கும் நாளில் அந்தப் பெயரைச் சொல்லி வகுப்பில் படிக்கிறேன். "தெரியலை, பார்த்துச் சொல்றேன்" என்று சொல்வதால் ஆசிரியருக்கு மதிப்புக் குறைந்துவிடவில்லை என்பதை அனுபவத்தில் கண்டேன். பார்த்துச் சொல்லாமல் விட்டால்தான் குறையும்.

இரண்டு, ஒற்றைப் பிணைப்பு, இரட்டைப் பிணைப்பைக் கற்பிக்கக் களிமண் உருண்டையும் ஈர்க்குச்சியும் போதும். ஒரு குச்சியில் கோத்த இரண்டு உருண்டைகள் சுழலும். இரண்டு குச்சியில் கோத்தால் சுழலாது. இதோடு மூன்றாவதாக ஒன்றையும் செய்துகாட்டுகிறேன். ஒரு குச்சியில் கோத்த உருண்டைகளின் குறுக்கே ஒரு ரப்பர் பேண்டை இழுத்து மாட்டிவிடுவது. திருப்பலாம், ஆனால் கை உணரும்படி அது எதிர்க்கும். ரப்பர் பேண்டு உண்மைப் பிணைப்பு போல இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும், "சுழலும், சுழலாது" என்ற இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் ஓர் இடம் உண்டு என்று பிள்ளைகளின் கைக்குத் தெரிந்துவிடுகிறது.

மூன்று, விடைத்தாள் திருத்தும்போது, நான் சொல்லிக்கொடுக்காத ஒன்றை ஒரு பிள்ளை எழுதியிருந்தால் உடனே சிவப்பு மையால் அடிப்பதில்லை. கூப்பிட்டு, "இதை எப்படி யோசிச்சே?" என்று கேட்கிறேன். பல நேரம் அது தவறாகத்தான் இருக்கும். ஆனால் அந்தத் தவறு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். சில நேரம் தவறு என்னுடையதாக இருக்கும்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து நின்று கேட்கிறது என்றால், அந்தத் துணிவு எங்கள் வகுப்பில் வந்ததில்லை. நான்காம் வகுப்பில், "தட்டுல இருந்த தண்ணி ஆவியாப் போச்சுன்னு எப்படி டீச்சர் தெரியும்? பூனை குடிச்சிருந்தா?" என்று அது கேட்டபோது நீங்கள் சிரித்துக்கொண்டே, "சரி, நாளைக்கு மேல ஒரு கம்பி வலை போட்டு வச்சுப் பார்ப்போமா?" என்று சொன்னீர்களே, அன்று வந்தது. மெத்தில் தொகுதிகளைச் சூடேற்றிப் பார்த்தவர்கள் செய்ததும் அதைத்தான். எங்களிடம் அந்தப் பிள்ளைகளை அனுப்பும்போது கேள்வியோடு அனுப்புங்கள். அதை உட்கார வைக்காமல் பார்த்துக்கொள்வது எங்கள் பொறுப்பு.